புதிர்ப்போட்டி முடிந்த பிறகும் ஓயாத கேள்விகள்

பினாங்கில், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவு, ஒரு சமூக மண்டபத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து தமிழில் பொது அறிவுப் புதிர்ப்போட்டி நடத்துகிறோம். அறிவியல், இசை, இலக்கியம், குழந்தைப் பாடல் என்று நாலு சுற்று. போட்டி 10 மணிக்கு முடிந்துவிடும். சண்டை மட்டும் எதிரே உள்ள ஒட்டுக்கடையில் தே தாரேக்கோடு (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) நள்ளிரவு வரை போகும். கேள்வி கேட்பவன் நான் என்பதால் திட்டு வாங்குபவனும் நான்தான். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாலு சுற்றில் எதில் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள்?

குழந்தைப் பாடல் சுற்றில். அறிவியல் சுற்றுக்குப் படித்துவிட்டு வருகிறார்கள். குழந்தைப் பாடலுக்கு யார் படிப்பார்கள்? மூன்று வயதில் மனப்பாடம் செய்தது, அதோடு சரி. வரிகளுக்குள் என்ன இருக்கிறது என்று அப்புறம் திரும்பிப் பார்த்ததே இல்லை.

‘ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்’ மெட்டு மொசார்ட் போட்டதுதானே? ஏன் மதிப்பெண் தரவில்லை?

இல்லை. அது பழைய பிரெஞ்சு மெட்டு. 1761-இல் அச்சில் வந்துவிட்டது. மொசார்ட் பிறந்தது 1756-இல். அப்போது அவருக்கு 5 வயது. இருபத்தைந்து வயது வாக்கில் அவர் செய்தது, ஏற்கெனவே ஊரெல்லாம் பாடிக்கொண்டிருந்த அந்த மெட்டை எடுத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக விரித்து எழுதியதுதான். பாட்டின் வரிகள் இன்னும் பிந்தியவை. இங்கிலாந்துக்காரர் ஜேன் டெய்லர் எழுதி 1806-இல் வெளியான கவிதை அது. ஏ, பி, சி, டி பாட்டும் ‘பா பா பிளாக் ஷீப்’பும் இதே மெட்டுக்குடும்பம்தான். நம்பிக்கை இல்லையென்றால் மூன்றையும் அடுத்தடுத்து முனகிப் பாருங்கள்.

சரி, நட்சத்திரம் உண்மையிலேயே மின்னுகிறதா?

நட்சத்திரம் சும்மாதான் இருக்கிறது. மின்னுவது நம் தலைக்கு மேலுள்ள காற்று. சூடும் குளிருமான காற்றுப் படலங்கள் அசைந்துகொண்டே இருப்பதால், அவற்றைக் கடந்து வரும் ஒளி நொடிக்கு நொடி கொஞ்சம் வளைந்து வளைந்து வருகிறது. நட்சத்திரம் வெறும் புள்ளியாகத் தெரிவதால் அந்தத் தடுமாற்றம் முழுதும் கண்ணில் படும். வெள்ளி, வியாழன் போன்ற கோள்கள் பக்கத்தில் இருப்பதால் சின்ன வட்டுகள். வட்டின் ஒரு பக்கம் மங்கினால் இன்னொரு பக்கம் பிரகாசிக்கும். மொத்தத்தில் ஒளி நிலையாக இருக்கும். எது கோள், எது விண்மீன் என்று கண்டுபிடிக்க இதுவே சுலபமான வழி.

‘நிலா நிலா ஓடி வா’வை வைத்து அறிவியல் கேள்வி கேட்டது நியாயமா?

இந்த ஒரு கேள்விக்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. கேள்வி இதுதான்: “நிலா ஓடி வருகிறதா, ஓடிப் போகிறதா?” எல்லா மேசையும் ‘வருகிறது’ என்று எழுதியது. விடை: போகிறது. ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர். ஏறக்குறைய நம் விரல் நகம் வளரும் வேகம். 1969-இல் அப்பல்லோ 11-இல் போனவர்கள் நிலவில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள். இங்கிருந்து லேசர் கதிரை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத்தான் இந்தக் கணக்கு. கடலில் அலையேற்றத்தை உண்டாக்கும் அதே ஈர்ப்பு இழுபறி பூமியின் சுழற்சியை மெல்லக் குறைக்கிறது. அதில் இழந்தது நிலவுக்குப் போய், அது விலகுகிறது. பாட்டு பாடப் பாட அது தள்ளிப் போவதை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

‘நில்லாமல் ஓடி வா’ என்ற வரி வேறு விதத்தில் சரி. நிலா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். அது நில்லாமல் பூமியைச் சுற்றிக்கொண்டிருப்பதால் வரும் தாமதம் இது.

இன்னொன்று. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் அந்தி நேரத்தில் மேற்கே பாருங்கள். குழந்தைகளின் படப்புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கும். இங்கே அது ஓடம்போல் மல்லாந்து கிடக்கும். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரைப் பாகைகூட இல்லை. அதனால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. பிறையின் அடிப்பக்கத்தில் வெளிச்சம் படுகிறது. படப்புத்தகம் குளிர்நாட்டுக்காரர்கள் வரைந்தது.

உலகில் முதலில் ஒலிப்பதிவான பாட்டு எது?

எடிசன் என்று எழுதியவர்களுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்தேன். 1877-இல் எடிசன் தம் கருவியில் ‘மேரி ஹாட் எ லிட்டில் லாம்’ என்ற குழந்தைப் பாடலைச் சொல்லிப் பதிந்து, அதைத் திரும்பவும் ஒலிக்க வைத்தார். பதிந்து கேட்டதில் அவர்தான் முன்னோடி. ஆனால் பதிவு மட்டும் என்றால் அவருக்கும் 17 ஆண்டு முன்னால் பாரிசில் ஒருவர் இருக்கிறார், ஸ்காட் தெ மார்ட்டின்வில். புகைக்கரி பூசிய தாளில் ஓர் ஊசி ஒலியின் அதிர்வைக் கோடாகக் கீறும்படி ஒரு கருவி செய்தார். 1860 ஏப்ரலில் அதன் முன்னால் ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் சில நொடிகளைப் பாடினார். தாளில் கோடு விழுந்ததே தவிர, அதைத் திரும்ப ஒலிக்க வைக்க அவருக்கு வழி இல்லை. 2008-இல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினி கொண்டு அந்தக் கோடுகளைக் குரலாக்கினார்கள். முதலில் கேட்டபோது சிறுமி பாடுவதுபோல் இருந்ததாம். அப்புறம்தான் தெரிந்தது, இருமடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டார்கள் என்று. வேகத்தைக் குறைத்ததும் ஆண் குரல்; மார்ட்டின்வில்லே பாடியது. பாட்டின் முதல் வரிக்குப் பொருள் ‘நிலா வெளிச்சத்தில்’. அங்கேயும் நிலாதான்!

ஹம்ப்டி டம்ப்டி முட்டை இல்லையா?

முட்டைதான். ஆனால் பாட்டில் ‘முட்டை’ என்ற சொல்லே கிடையாது. நான்கு வரியையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அது ஒரு விடுகதை; மேலேயிருந்து விழுந்தால் யாராலும் ஒட்ட வைக்க முடியாதது எது? விடை எல்லாருக்கும் தெரிந்துபோனதால் விடுகதை செத்துப் பாட்டாகிவிட்டது. லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட இரண்டாவது ஆலிஸ் கதையில் டெனியல் வரைந்த முட்டை உருவம்தான் இன்றுவரை நம் மனதில் உட்கார்ந்திருக்கிறது.

‘ரிங்கா ரிங்கா ரோசஸ்’ கொள்ளைநோய்ப் பாட்டுதானே?

அந்தக் கதை எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் பாட்டு அச்சில் வந்தது 1881-இல். லண்டன் கொள்ளைநோய் 1665-இல். இந்த விளக்கமோ இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. ‘ஆம்’ என்று எழுதினால் மதிப்பெண் இல்லை.

‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு’ நாட்டுப்பாடல் என்று எழுதினோம். தவறா?

தவறு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதியது. எழுதியவர் பெயரே மறந்துபோகும் அளவுக்கு ஒரு பாட்டு ஊரோடு கலந்துவிட்டால் அது கவிஞருக்கு வெற்றிதான். ஆனாலும் விடைத்தாளில் பெயர் வேண்டும்.

‘பங்காவ் ஓ பங்காவ்’ மலாய்ப் பாட்டு. தமிழ்ப் போட்டியில் எதற்கு?

நம் பிள்ளைகள் பாலர் பள்ளியிலேயே பாடுகிறார்களே! அதோடு, அதற்குத் தமிழில் ஒரு பங்காளி இருக்கிறது. கேள்வி அந்தப் பங்காளியைப் பற்றியது.

மலாய்ப் பாட்டில் கொக்கைப் பார்த்து, நீ ஏன் மெலிந்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். மீன் மேலே வரவில்லை என்கிறது கொக்கு. மீனைக் கேட்டால், புல் நீளமாக வளர்ந்துவிட்டது. புல்லைக் கேட்டால், எருமை மேயவில்லை. எருமைக்கு வயிற்று வலி. வயிற்றுக்குள் வேகாத சோறு. சோறு வேகாததற்கு ஈர விறகு, விறகு நனைந்ததற்கு மழை, மழையைக் கூப்பிட்டது தவளை, தவளை கத்தியது பாம்பு தின்ன வந்ததால். கடைசியில் பாம்பைக் கேட்டால், அது என் சாப்பாடுதானே என்கிறது. அதோடு பாட்டு முடிந்தது. அதற்கு மேல் யாரைக் குற்றம் சொல்ல?

தமிழில் ஈ தன் பெயரை மறந்த கதை. ‘கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா, இடையன் கைக் கோலே’ என்று ஆரம்பித்து, மரம், மரத்திலிருக்கும் கொக்கு, கொக்கு நீராடும் குளம், குளத்து மீன், மீன் பிடிக்கும் வலையன் என்று ஈ ஒவ்வொருவரிடமும் தன் பெயரைக் கேட்டுக்கொண்டே போகும். ஊருக்கு ஊர் வரிசை கொஞ்சம் மாறும். முடிவில் புல் தின்னும் குதிரை ‘ஈ’ என்று கனைக்க, ஈக்குப் பெயர் கிடைத்துவிடும். ஒன்று காரணத்தைத் தேடிப் போகிறது, மற்றது பெயரைத் தேடிப் போகிறது. கொக்கும் மீனும் புல்லும் இரண்டிலும் இருக்கின்றன. என் பாட்டி இந்த ஈ கதையை ஒரே மூச்சில் சொல்வார். நடுவில் நாங்கள் ஒரு கண்ணியை விட்டுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ‘பெயர் என்ன’ என்று குதிரையைக் கேட்கும் இடம் வருவதற்குள் சோற்றுக்கிண்ணம் காலியாகியிருக்கும். கதையின் நோக்கமே அதுதான் என்று நினைக்கிறேன்.

சீனப் பாட்டைப் போட்டு ‘இது எந்த ராகம்’ என்று கேட்டது சரியா?

மோகனம் என்று எழுதிய மேசைகளுக்கு முழு மதிப்பெண். ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரம். பியானோவின் கறுப்புக் கட்டைகளை மட்டும் தட்டினாலே மோகனத்தின் சுரங்கள் கிடைத்துவிடும். சீன நாட்டுப்பாடல்கள் பலவும் இதே ஐந்து சுரங்களில் நடப்பவை. சீனப் பெருநாள் சமயத்தில் பேரங்காடிக்குள் நுழைந்தாலே இது காதில் விழும். நான் போட்டது ‘மோ லி ஹுவா’ என்ற பழைய பாட்டு. சங்கீதம் படித்த ஓர் அக்கா எழுந்து, “சுரம் ஒன்றாக இருந்தால் ராகம் ஒன்றாகிவிடுமா? கமகம் எங்கே?” என்று கேட்டார். கமகம் என்றால் சுரத்தை அசைத்து, குழைத்துப் பாடுவது. அவர் சொன்னது முழுக்க நியாயம். அதனால் அடுத்த முறையிலிருந்து ‘எந்த ராகத்தின் சுரங்கள்’ என்றுதான் கேட்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாட்டின் பெயர். ‘மோ லி ஹுவா’ என்றால் மல்லிகைப் பூ. அந்த ‘மோலி’ சீனமொழிக்குப் போனது சமஸ்கிருத ‘மல்லிகா’விலிருந்து. நிலாவை நாம் கொண்டுவரச் சொன்ன பூ ஏற்கெனவே சீனா வரை போய்விட்டது.

மேளகர்த்தா ராகம் ஏன் சரியாக 72?

மேளகர்த்தா என்றால் ஏழு சுரமும் உள்ள தாய் ராகம். எண்ணிக்கை வெறும் பெருக்கல் கணக்கு. ச-வும் ப-வும் அசையாது. ரி, க இரண்டும் சேர 6 வழி. த, நி இரண்டும் சேர 6 வழி. ம மட்டும் 2. ஆறாறு முப்பத்தாறு, இரண்டால் பெருக்கினால் 72. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்தது.

மிருதங்கம் பற்றிய கேள்வி எப்படி அறிவியல் சுற்றில் வந்தது?

சர் சி. வி. ராமன் கொண்டுவந்தார்! திருச்சியில் பிறந்தவர், ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றவர் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1920-இல், அவர் ‘நேச்சர்’ இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார்.

சாதாரணத் தோல் ஒன்றை இழுத்துக் கட்டி அடித்தால் ‘தொம்’ என்று ஒரு சத்தம் வரும், அதில் சுருதி இருக்காது. கம்பியை மீட்டினால் வரும் துணை அதிர்வுகள் அடிப்படை அதிர்வின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக இருக்கும். தோலில் அவை தாறுமாறான அளவில் இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச்சத்துள்ள கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். அந்தக் கூடுதல் கனம் தோலின் தாறுமாறான அதிர்வுகளை முழுமடங்குகளுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது. ராமன் அந்த அதிர்வுகளை ஆய்ந்து காட்டினார். எந்தக் கணக்கும் எழுதாமல் காதால் கேட்டே அந்தப் பூச்சின் அளவைக் கண்டுபிடித்த கைவினைஞரின் பெயர் யாருக்கும் தெரியாது.

பாரதியார் யானை மிதித்து இறந்தார் என்று பள்ளியில் படித்தோமே?

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து தூக்கிக் காப்பாற்றினார். ஆனால் பாரதி அதிலிருந்து எழுந்து, திரும்ப வேலைக்குப் போய், ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் கூட்டத்திலும் பேசிவிட்டு வந்தார். பேசிய தலைப்பு, ‘மனிதனுக்கு மரணமில்லை’. அப்புறம் வயிற்றுக்கடுப்பு வந்துதான் 1921 செப்டம்பரில் காலமானார். வயது 39 நிரம்பவில்லை. தேதி 11-ஆ 12-ஆ என்பது இன்னொரு வழக்கமான சண்டை. 11-ஆம் தேதி இரவு நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. இரண்டில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

பினாங்கு என்ற பெயருக்கும் தமிழுக்கும் சம்பந்தம் உண்டா?

‘பினாங்’ என்பது மலாய்ச் சொல், பாக்கு மரம். ஆனால் ஆங்கிலத்தில் பாக்கைக் குறிக்கும் ‘அரேக்கா’, வெற்றிலையைக் குறிக்கும் ‘பீட்டல்’ இரண்டும் போர்த்துக்கீசியர் மலையாளக் கரையில் பொறுக்கிக்கொண்டு போனவை. நம் அடைக்காய்க்கும் வெற்றிலைக்கும் அவை ஒன்றுவிட்ட உறவு.

இதைவிட நல்ல கேள்வி ஜார்ஜ்டவுன் பற்றியது. நகரம் எழுந்த முனைக்குப் பழைய பெயர் தஞ்சோங் பெனாகா. தஞ்சோங் என்றால் கடல் முனை. பெனாகா லாவுட் என்பது நம் புன்னை மரம். அதாவது நாம் குடியிருப்பது ‘புன்னை முனை’! நெய்தல் நிலப் பாட்டைத் திறந்தால் புன்னை இல்லாமல் இருக்காது. நற்றிணை 172-ஆம் பாட்டில் ஒருத்தி, தான் விளையாட்டாய்ப் புதைத்த விதை முளைத்து வளர்ந்த புன்னையை, அது உன்னைவிடச் சிறந்த தங்கை என்று தாய் சொன்னதாகச் சொல்கிறாள். அதனடியில் நின்று காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறதாம்.

திருக்குறளில் இனியும் கேட்க என்ன இருக்கிறது?

1330 குறள், குறளுக்கு ஏழு சீர். ஆக மொத்தம் 9310 சீர். ‘அகர’ என்று அ-வில் தொடங்கி, கடைசிக் குறளில் ‘பெறின்’ என்று ன்-இல் முடியும். தமிழ் நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்.

மதியம் 12 மணிக்கு நிழல் காலடியில் விழும் என்று எழுதினோம். ஏன் தவறு?

மற்ற ஊரில் சரியாக இருக்கலாம். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய 1.20 ஆகும். நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. நாம் இருப்பது 100 பாகைக்குப் பக்கத்தில். முன்பு அரை மணி குறைவாக இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க 1982 சனவரி 1 முதல் தீபகற்பம் முழுதும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருட்டில் எழுவதும் இதனால்தான். நிழல் அடியோடு காணாமல் போக வேண்டுமானால் ஏப்ரல் முதல் வாரத்திலோ செப்டம்பர் இரண்டாம் வாரத்திலோ, 1.20 வாக்கில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுவது எதற்கு?

மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மூன்றுக்குள் சத்தம் வந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு உள்ளே ஓடுங்கள்.

நீங்களே தவறான விடையை வைத்திருந்ததுண்டா?

உண்டு. ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் வெவ்வேறு மரத்தில் விளைபவை என்று என் விடைத்தாளில் இருந்தது. மசாலாக் கடையில் தனித்தனிப் பையில், தனித்தனி விலையில் விற்கிறார்களே! ஒரே மரம் என்று எழுதிய மேசைக்கு நான் சுழி போட்டேன். அந்த மேசையில் பாலிக் பூலாவிலிருந்து வரும் ஒரு பாட்டி இருந்தார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் போட்டி தொடங்குமுன் கைப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் மேசை மேல் வைத்தார். வெளிர் மஞ்சள், சின்ன எலுமிச்சை அளவு, ஒரு பக்கம் வெடித்திருந்தது. கட்டைவிரலால் பிளந்தார். உள்ளே பளபளக்கும் கறுப்பு விதை. அதைச் சுற்றி இரத்தச் சிவப்பில் ஒரு வலை. வலையை நகத்தால் நெம்பி உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். “இது காய்ந்தால் ஜாதிபத்திரி. விதைக்குள்ளே இருப்பது ஜாதிக்காய். மேல்தோலை நாங்கள் ஊறுகாய் போடுவோம். இப்ப சொல்லுங்க தம்பி, எத்தனை மரம்?”

கூட்டிப் பார்த்ததில் போன மாதம் அவர்கள் மேசைதான் முதலிடம். பரிசுக்கூடையை வாங்கிப் போயிருந்த மேசையிடமிருந்து அதைத் திரும்ப வாங்கி வந்தோம். அதற்குள் பிஸ்கட்டும் முறுக்கும் தீர்ந்துபோயிருந்தன. மைலோ டின் மட்டும் பிரிக்காமல் இருந்தது. பரவாயில்லை என்று பாட்டி அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.